மூடிய கதவும் திறந்த தெருவும்

இக்காலத்து இளைஞர் விரும்பிக் காணும் திகில் படங்களுள் ஒரு தனி வகை உண்டு. யாரோ சிலர் ஓரிடத்திற்குப் படம் பிடிக்கச் செல்வர். அவர்களுக்கு அங்கே ஏதோ நேர்ந்துவிடும். அவர்கள் பிடித்த படச்சுருள் மட்டும் பிற்பாடு எவர் கையிலேனும் கிடைக்கும். அந்தச் சுருளைத்தான் நாம் காண்கிறோம் என்ற பாவனையில் கதை முழுவதும் நடைபெறும். 1999-இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ என்னும் அமெரிக்கப் படம் இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. படம் ஆடும், குரல் நடுங்கும், விளக்கு அணையும். இது நடிப்பன்று, உண்மையிலேயே நடந்தது என்று காண்போர் மனம் ஒரு கணம் நம்பிவிடும். அச்சத்தின் ஊற்று அந்த நம்பிக்கையிலேயே இருக்கிறது.

வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள், விடுமுறையில் ஆரணிக்கு வந்தபோது இத்தகைய படம் ஒன்றை எங்களுக்குக் காட்டினாள். அதன் பெயர் ‘தி சாக்ரமெண்ட்’. திருவருட்சாதனம் என்று நாம் பக்தியோடு சொல்லும் சொல்லைத் திகில் படத்திற்குத் தலைப்பாகக் கண்டபோதே எங்கள் மனம் துணுக்குற்றது. டை வெஸ்ட் என்பார் இயக்கி 2013-இல் வெளியிட்ட படம் அது. செய்தியாளர் சிலர், ஊர் உலகத்தை விட்டு விலகி வாழும் ஒரு பக்திக் குடியிருப்புக்குக் கேமராவுடன் செல்கின்றனர். அங்கே எல்லாரும் சிரித்த முகத்தோடு இருக்கின்றனர். தலைவரை எல்லாரும் ‘தந்தையே’ என்று அழைக்கின்றனர். வாய் பேசாத ஒரு சிறுமி மட்டும், காப்பாற்றுங்கள் என்று எழுதிய துண்டுச் சீட்டை அவர்கள் கையில் திணிக்கிறாள். மற்றதை வாசகர்களே ஊகிக்கலாம்.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, இப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா? நாமும் சாமியாரைத் தந்தை என்றுதானே அழைக்கிறோம்? நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?”

அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எங்கள் தெருவில், எங்கள் வீட்டிற்கு மூன்று வீடு தள்ளி, ஒரு கதவு அப்போது மூடியே கிடந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். முதலில் மகளின் முதல் கேள்விக்கு விடை காண்போம்.

ஆம், நடந்திருக்கிறது. அந்தப் படத்தின் கதை பெரும்பாலும் உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது. ஜிம் ஜோன்ஸ் என்பவர் 1950-களில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ‘மக்கள் ஆலயம்’ என்ற சபையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து செபிப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் இருவரையும் ஒன்றாக அமர்த்தினார். பசித்தோருக்கு உணவிட்டார், முதியோருக்கு இல்லம் நடத்தினார். பிறகு சபை கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தது. அங்கே அரசியல் தலைவர்களும் அவரைப் போற்றினர். தீமை தீமையின் உடையில் வந்திருந்தால் அத்தனை பேர் அவரைப் பின்பற்றியிருக்க மாட்டார்கள் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

1974-இல் தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில் அச்சபை ஒரு குடியிருப்பை அமைக்கத் தொடங்கியது. கயானா நமக்கு முற்றிலும் அந்நிய நாடன்று. ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற மண் அது. அந்நாட்டின் தலைநகரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில், சாலை வசதியற்ற காட்டின் நடுவே, ‘ஜோன்ஸ்டவுன்’ எழுந்தது. 1977-இல் நூற்றுக்கணக்கானோர் அங்கே குடியேறினர். அவர்களுடைய கடவுச்சீட்டுகள் வாங்கி வைக்கப்பட்டன. கடிதங்கள் படித்துப் பார்க்கப்பட்ட பின்னரே வெளியே சென்றன. ஒலிபெருக்கியில் இரவும் பகலும் தலைவரின் குரலே கேட்டது. நள்ளிரவில் எல்லாரையும் எழுப்பி, பகைவர் வருகிறார்கள், ஒன்றாகச் சாகத் தயாரா என்று கேட்டு ஒத்திகையும் நடந்தது.

உறவினர்களின் முறையீட்டைக் கேட்டு, லியோ ரயன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் 1978 நவம்பர் 17 அன்று அங்கே சென்றார். தொலைக்காட்சிக் குழு ஒன்றும் உடன் சென்றது. அன்று இரவு பாட்டும் நடனமுமாகக் காட்சியளித்த அக்கூட்டத்திலிருந்து ஒருவர், தங்களை வெளியேற்ற உதவுமாறு எழுதிய சீட்டைச் செய்தியாளர் கையில் சேர்த்தார். படத்தில் வரும் துண்டுச் சீட்டு அதிலிருந்தே பிறந்தது. மறுநாள் சுமார் 15 பேர் ரயனுடன் புறப்பட்டனர். விமானத் திடலில் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ரயனும், செய்தியாளர் மூவரும், வெளியேற வந்த பெண் ஒருவரும் மாண்டனர். பாப் பிரவுன் என்ற படப்பிடிப்பாளர், தாம் சுடப்படும் வரை கேமராவைக் கீழே வைக்கவில்லை. அவர் பிடித்த காட்சி அப்படியே கிடைத்தது. நடிகர்கள் பாவனை செய்யும் ‘கண்டெடுத்த படச்சுருள்’, இங்கே ஒரு மனிதனின் உயிரை விலையாகக் கொண்ட உண்மையாயிற்று.

அதே மாலையில் ஜோன்ஸ்டவுனில் 909 பேர், ஏறக்குறைய அனைவரும் நஞ்சினால், இறந்தனர். திடலிலும் தலைநகரிலும் இறந்தவர்களையும் சேர்த்தால் 918 பேர். அவர்களுள் 300-க்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். நஞ்சு முதலில் ஊட்டப்பட்டது அவர்களுக்கே. ஆகவே, இதனைத் தற்கொலை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது நீதியன்று.

அந்த இறுதி நேரத்தின் ஒலிநாடா ஒன்று கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 44 நிமிடம் ஓடும். அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து பேசுவது கேட்கிறது. வேறு வழி இல்லையா, வேறு நாட்டுக்குப் போகலாகாதா, குழந்தைகளுக்கு வாழும் உரிமை இல்லையா என்ற பொருள்படத் தலைவரிடமே அவர் வாதிடுகிறார். தலைவர் விடை சொல்கிறார். ஆனால் அப்பெண்ணின் வாயை அடைத்தது தலைவரின் விடையைக் காட்டிலும், சுற்றியிருந்தோரின் கூச்சலே. அண்டை வீட்டாரும் நண்பர்களுமாய் இருந்தவர்களே அவரை உட்காரச் சொன்னார்கள். எங்களை மிகவும் கலங்கச் செய்தது இச்செய்திதான். ஓர் ஊர் கெடுவதற்குக் கெட்ட தலைவன் ஒருவன் மட்டும் போதாது. கேள்வி கேட்பவளை உட்கார வைக்கும் நல்லவர்கள் பலரும் வேண்டியிருக்கிறது.

இது எங்கோ காட்டில், அந்நிய நாட்டில் என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2018 ஜூலை முதல் நாள் காலை, தில்லி மாநகரின் புராரி பகுதியில், விடியற்காலையில் திறக்கும் மளிகைக் கடை ஒன்று திறக்கப்படவில்லை. பக்கத்து வீட்டார் சென்று பார்த்தபோது, ஒரே குடும்பத்தின் 11 பேர் இறந்து கிடந்தனர். பாட்டி முதல் பள்ளிச் சிறுவர் வரை மூன்று தலைமுறை. வீட்டில் 11 குறிப்பேடுகள் அகப்பட்டன. காலஞ்சென்ற குடும்பத் தலைவரின் குரல் இளைய மகன் வாயிலாகப் பேசுவதாக அவர்கள் நம்பினர். யார் என்ன செய்ய வேண்டும், எப்படி வழிபட வேண்டும் என்று பதினோராண்டுக் காலம் அக்குரல் சொன்னதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. கடைசிச் சடங்கின் முடிவில் தாங்கள் காப்பாற்றப்படுவோம் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். சாக வேண்டும் என்ற நோக்கம் அவர்களுக்கு இல்லை, அது சடங்கில் நேர்ந்த விபத்தே என்று மனநிலை ஆய்வு செய்த வல்லுநரும் கருத்துரைத்தனர்.

இங்கும் ஒரு படச்சுருள் உண்டு. எதிர்ப்புறத்துக் கண்காணிப்புக் கேமராவில், முந்தைய இரவு அவ்வீட்டார் முக்காலிகளைச் சுமந்து உள்ளே செல்வது பதிவாகியிருந்தது. யாரும் அவர்களை இழுத்துச் செல்லவில்லை. எவர் முகத்திலும் கலவரமில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவர்கள் கடை நடத்தியவர்கள்; அயலாருடன் நன்றாகப் பழகியவர்கள்; இரண்டு வாரத்திற்கு முன்புதான் வீட்டில் நிச்சயதார்த்த விருந்து நடத்தியவர்கள். காடும் கம்பி வேலியும் இல்லாமலே, மாநகரத் தெருவின் நடுவில் ஒரு குடும்பம் தனித்தீவாக இருந்துவிட்டது. தனிமை என்பது தொலைவைப் பொறுத்ததன்று. வெளியார் ஒருவரிடம் சொல்லக்கூடாத செய்தி ஒன்று வீட்டிற்குள் புகுந்த நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

இனி எங்கள் தெருவுக்கு வருவோம். மூன்று வீடு தள்ளி இருப்பவரை நாங்கள் அக்கா என்றே அழைக்கிறோம். கணவரோடு சேர்ந்து பட்டு நெய்தவர். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் ஊசி. கணவர் இறந்த பின், யாரோ அழைத்தார்கள் என்று ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் நடந்த செபக் கூட்டத்திற்குப் போகத் தொடங்கினார். துக்கத்தில் இருந்தவருக்கு அங்கே ஆறுதல் கிடைத்தது. அழுதால் அணைத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

பின்னர் ஒவ்வொன்றாக நின்றது. உறவினர் திருமணத்திற்கு வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணிப்பெண் கதவைத் தட்டித் தட்டித் திரும்பினார். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் அவர் மகன் ஒரு மாலை எங்கள் வீட்டிற்கு வந்து, தன் கைபேசியை எங்கள் முன் வைத்தான். அதில் அவனே மறைவாகப் பிடித்த படம் இருந்தது. படம் ஆடியது, பாதி இருட்டு. முப்பது பேர் போல் தரையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு குரல் கேட்டது: வரும் வெள்ளி முதல் ஏழு நாள் உணவுமில்லை, மருந்துமில்லை; இடையில் மருந்தைத் தொடுபவர் ஆண்டவரை நம்பாதவர்; வீட்டாரிடம் இதைச் சொல்பவர் காட்டிக்கொடுப்பவர். ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். அக்காவும் சொன்னார். அவர் முகத்தில் அமைதி இருந்தது. அதைக் கண்டுதான் எங்களுக்கு உடல் நடுங்கியது. ஏழு நாள் இன்சுலின் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை.

“மாமா, இதை எல்லாருக்கும் அனுப்பிவிடட்டுமா? ஊரே பார்க்கட்டும்” என்றான் பையன். வேண்டாம் என்றோம். அந்தப் படத்தில் இருந்தவர்கள் வேடிக்கைப் பொருள்கள் அல்லர். அவர்களும் யாருக்கோ தாய், யாருக்கோ தங்கை. ஊர் சிரித்தால் அக்கா இன்னும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார். உலகம் நம்மைப் பகைக்கிறது என்று அந்தக் குரல் சொல்லியிருந்ததும் மெய்யாகிவிடும். படத்தை அவருடைய உடன்பிறந்த தம்பிக்கும், அரசு மருத்துவமனையில் அவரைக் கவனித்துவந்த மருத்துவருக்கும் மட்டும் காட்டினோம்.

செவ்வாய் சென்றோம், கதவு திறக்கவில்லை. புதன் காலையில் திறந்தது, பேச்சு இல்லை. அன்று மாலை, “தம்பி, உங்களுக்கு விசுவாசம் இல்லை. என்னை விட்டுவிடுங்கள்” என்றார். விசுவாசத்தைப் பற்றி நாங்கள் வாதிடவில்லை. மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே, ஆகவே அவரை மதித்து நடக்க வேண்டும் என்று சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம் போதிப்பதை மட்டும், வீட்டில் உள்ளவள் அவர் அருகே அமர்ந்து மெல்ல எடுத்துச் சொன்னாள். அக்கா பதில் சொல்லவில்லை. வியாழன் விடியற்காலை நான்காம் முறையாக அவருடைய தம்பியும் நாங்களும் தெருவின் மூத்த நெசவாளர் ஒருவரும் போனோம். அந்தப் பெரியவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “பாவு விரிக்க ஆள் போதவில்லை, வா அம்மா” என்றார்.

ஆரணியில் வாழ்வோர் இதன் பொருளை அறிவார்கள். தறி வீட்டிற்குள் இருக்கலாம். நாடா ஓடும் ஓசையை ஒருவர் தனியே கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் பாவைத் தனியே விரிக்க முடியாது. தெருவின் நீளத்திற்கு, வெயில் ஏறுமுன், பல கைகள் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும். அறுந்த இழையை வெளிச்சத்தில்தான் கண்டு இணைக்க முடியும். அக்கா வந்தார். பழக்கம் அவர் கைகளை அழைத்துவந்தது. கால் மணி நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கண் இருண்டது. முன்பே சில நாள்களாக ஊசி போடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தம்பியின் தோளில் சாய்ந்தபடி ஆட்டோவில் ஏறினார். மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். மனம் மாறி ஏறினார் என்று சொல்ல மாட்டோம். நிற்க முடியாமல் ஏறினார்.

மகளின் இரண்டாவது கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? நம் திருச்சபையிலும் உலகை விட்டு விலகி, மதிலுக்குள் மௌனமாக வாழும் துறவியர் உண்டு. ஆனால் ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கை நோக்குங்கள். முக்கியமான காரியம் எதுவாயினும் தலைவர் எல்லாச் சகோதரரையும் கூட்டிக் கேட்க வேண்டும். பல வேளைகளில் இறைவன் இளையவருக்கே நல்லதை உணர்த்துகிறார் என்று அதில் வகுத்திருக்கிறார். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும். சேர வருபவரை உடனே சேர்க்கலாகாது. ஓராண்டளவு சோதித்து, ஒழுங்கை மீண்டும் மீண்டும் படித்துக்காட்டி, விருப்பமில்லையேல் போகலாம் என்று வழிவிட வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும், துறவியரின் மனச்சான்றைத் தம்மிடம் திறந்து காட்டும்படி மேலாளர் எவ்வகையிலும் தூண்டலாகாது என்று தடுக்கிறது. அந்த மதிலில் வாசல் உண்டு. அது இருபுறமும் திறக்கும்.

எனினும் பெருமை பேசி முடித்துவிடல் ஆகாது. 2000 மார்ச் 17 அன்று உகாண்டா நாட்டின் கனுங்கு என்ற ஊரில், சன்னல்கள் அடைக்கப்பட்ட ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் தீயில் மாண்டனர். பத்துக் கட்டளைகளை மீட்கும் இயக்கம் என்று பெயரிட்டுக்கொண்ட அக்கூட்டத்தை நடத்தியோர் கத்தோலிக்கராய் இருந்து பிரிந்தவர்களே. தேவமாதாவின் காட்சி என்றார்கள். பொய் சொல்லிவிடுவோமோ என்று பேச்சையே விட்டுச் சைகையில் பழகினார்கள். நம் ஜெபமாலையும் நம் சொற்களும் அங்கே பயன்பட்டன. பொதுநிலையினர் இயக்கங்களிலும் ஒருவரே நெடுங்காலம் தலைமையில் இருப்பதன் ஆபத்தைக் கண்டு, தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் ஒருவர் பன்னாட்டு இயக்கத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருத்தலாகாது என 2021 ஜூனில் வத்திக்கான் ஆணை பிறப்பித்தது. நோய் நம் வீட்டிலும் வரக்கூடும் என்று அறிந்தவரே மருந்து வைத்திருப்பர்.

ஆகவே, குடும்பத்தினர்க்கு நாங்கள் சொல்ல விரும்புவது சிலவே. உங்கள் வீட்டார் எந்தக் கூட்டத்திற்குச் சென்றாலும், அது நம் பங்கின் கூட்டமாகவே இருந்தாலும், மூன்றைக் கவனியுங்கள். அங்கே கேள்வி கேட்பவரை உட்காரச் சொல்கிறார்களா? அங்கே நடப்பதை வீட்டில் சொல்லாதே என்கிறார்களா? மருத்துவரையும் உறவினரையும் விசுவாசத்தின் பகைவராக்குகிறார்களா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என்ற விடை வந்தால், காலந்தாழ்த்தாமல் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் மறுநாளும் தட்டுங்கள். வாதத்தில் வெல்வதற்காக அல்ல, துணைக்காகச் செல்லுங்கள். துக்க வீட்டில் ஏழாம் நாளோடு நம் வருகையை நிறுத்திக்கொள்கிறோமே, எட்டாம் நாள் யார் வருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களுள் 400-க்கும் மேற்பட்டோரின் உடலைக் கேட்டு வாங்க ஆளில்லாமல், கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரக் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். இறந்தவர் அனைவரின் பெயரும் 2011-இல் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டது. பெயர் சொல்லி அழைக்க ஓர் அண்டை வீட்டார் உரிய காலத்தில் வாசலில் நின்றிருந்தால், அக்கல்லில் சில பெயர்களேனும் குறைந்திருக்கும்.

அக்கா வீட்டிற்குத் திரும்பிவிட்டார். எங்களோடு இன்னும் முன்போல் பேசுவதில்லை. அந்தக் கூட்டத்திற்கு எப்போதாவது போகிறார் என்றும் மகன் சொல்கிறான். ஆனால் காலையும் மாலையும் ஊசியை அவனே போட்டுவிடுகிறான். அவர் கையை நீட்டுகிறார். சென்ற வாரம் எங்கள் பாவு தெருவில் விரிந்தபோது, அழைக்காமலே வந்து, கடைசி முனையில் நின்று, அறுந்த இழை இரண்டை இணைத்துவிட்டுப் போனார்.